காசிம் பாயின் இஞ்சிக் கப்பல்

“தோ பாரு பாய், நீ இன்னா சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். பேரு வச்சவன் வெள்ளக்காரன். ஜிஞ்சர்ல மொதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் புடுங்கிப் போட்டுட்டு நம்மாளுங்க இஞ்சின்னாங்க. அவ்ளோதான் மேட்டரு.”

நேற்றுக் காலை வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இப்படிச் சொன்னேன். பதில் வரவில்லை. வழக்கமாக இந்த இடத்தில், “எட்டாங் கிளாஸ்ல கோட்டடிச்சவன்லாம் எனக்குப் பாடம் எடுக்கறான்” என்று பக்கத்து சீட்டிலிருந்து குரல் வரும். சீட்டில் துடைக்கிற துணி மட்டும் கிடந்தது. ஆள் இல்லாத சீட்டோடு சண்டை போடுகிறவனை இந்த வேன் ஸ்டாண்டில் என்னவென்று பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பேசட்டும். பாதியில் நின்றுபோன சண்டையை யாராவது நடத்தித்தானே ஆக வேண்டும்.

செய்தி வந்த அன்று நல்ல மழை. காலையில் ஸ்கூல் வேன், மிச்ச நேரம் டூரிஸ்ட் வண்டி என்று இப்போது என் பிழைப்பு ஓடுகிறது. அணுபுரத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். பாயின் மகள் ஷாகிரா போன் செய்தாள்.

“மாமா, அத்தா போய்ட்டாரு.”

“எங்க போய்ட்டாரு?” என்று கேட்டுவிட்டேன்.

கேலிக்காகக் கேட்கவில்லை. அன்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அவரை நான்தான் அழைத்துப் போக வேண்டும். எனக்காகக் காத்திருக்காமல் பஸ் ஏறிவிட்டாரோ என்றுதான் நினைத்தேன். மழைக்கு பயந்து நிற்கிற ஆள் இல்லை அவர். போனில் ஷாகிரா விசும்புவது கேட்டது. அப்புறம்தான் எனக்கு விளங்கியது. சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். நானும் மூன்று பிடி மண் அள்ளிப் போட்டேன். ஈரமண், கையைவிட்டு விழ மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது.

மாமல்லபுரத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. கைடு காசிம் பாய் என்றால் பாசிமணி விற்கிற பெண்கள்கூட வழி சொல்வார்கள். நான் வண்டி ஓட்ட, அவர் பேச, இப்படியே எங்கள் இரண்டு பேருக்கும் தலை நரைத்தது. இங்கிலீஷ், ஜெர்மன், பிரெஞ்சு மூன்றும் அவருக்கு வரும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்ததில்லை. வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு பின்சீட்டில் பேசுவதைக் காதில் வாங்கியே கற்றார். “புருசன் பொஞ்சாதி சண்ட போடச்சொல்ல கேக்கணும் மச்சான். அப்பதான் பாஷ சுத்தமா வரும்” என்பார்.

அவருடைய வேலை முறை இது. காலையில் கோயில், ரதங்கள், குகைகள் எல்லாம் காட்டி முடித்துவிட்டு, வெயில் ஏறுகிற நேரத்தில் கடலைப் பார்த்த மாதிரி இருக்கும் தங்கராசு டீக்கடைக்கு எல்லோரையும் கூட்டி வருவார். தங்கராசு இஞ்சியைத் தட்டுவதற்கு முன்னால் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்பார். உங்கள் ஊரில் இதற்கு என்ன பேர்? ஜெர்மன்காரர் இங்வர் என்பார். இத்தாலிக்காரர் ஸென்ஸெரோ என்பார். டச்சுக்காரர் கெம்பர், ஸ்வீடன்காரர் இங்கெஃபேரா. ஒருமுறை ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு பாட்டி இம்பிர் என்று சொன்னபோது பாய்க்கு மெய் சிலிர்த்துவிட்டது. என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய், “பனி கொட்ற ஊரு வரைக்கும் போயும் மொத எழுத்த வுடல பாரு மச்சான்” என்றார்.

எல்லோரும் சொல்லி முடித்த பிறகு அவர் ஆரம்பிப்பார். இத்தனையும் ஒரே பேர். நம் ஊரில் இஞ்சி. அதன் வேரைச் சேர்த்து இஞ்சிவேர். அந்தப் பேரோடு சரக்கு கப்பல் ஏறியது. கிரேக்கர்கள் வாயில் அது ஸிங்கிபெரிஸ் ஆனது, ரோமாபுரிக்காரர்கள் வாயில் ஸிங்கிபெர் ஆனது, அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுச் சமையலறைக்கும் ஒவ்வொரு விதமாகப் போனது. இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு இத்தாலிப் பாதிரியார். ஒரு நாள் முழுக்க வண்டியில் இதே பேச்சாக வந்தார்கள். “சாமான் எறங்குற எடத்துல பேரும் எறங்கிடும்” என்பது பாயின் வாக்கு.

பேர் அவ்வளவு சுலபமாக நம்முடையது ஆகிவிடவும் இல்லை. வடக்கேயிருந்து வந்த ஒருவர், இது சிருங்கவேரம் என்கிற வடமொழிச் சொல், கொம்பு மாதிரி இருப்பதால் வந்த பேர் என்று டீக்கடையிலேயே மல்லுக்கு நின்றார். பாய் கோபப்படவில்லை. “வடக்க போன பேருக்கு அங்க ஒருத்தர் சட்ட தச்சுப் போட்டுகீறாரு. சட்ட நல்லாத்தான் கீது. ஒடம்பு நம்மளுது” என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, அவரிடம் இந்தியில் இன்னொரு டீ சாப்பிடச் சொன்னார். இன்னொரு தடவை, தலைமுடி நெருப்பு மாதிரி சிவந்திருந்த ஒரு இங்கிலீஷ்காரப் பையன், பள்ளிக்கூடத்தில் தன்னையும் ஜிஞ்சர் என்றுதான் கூப்பிடுவார்கள் என்றான். அவர்கள் ஊரில் செம்பட்டைத் தலைக்காரர்களுக்கு அது பட்டப்பேராம். பாய் வெகுநேரம் சிரித்தார். “போன எடத்துல வேற வேலைக்கு சேந்துடுச்சு மச்சான்” என்றார்.

இதெல்லாம் சரிதான். கடைசியில் ஒன்று செய்வார். எழுந்து, வலது கையை நீட்டி, கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் அலை அடிக்கிற இடத்தைக் காட்டி, “ஃப்ரம் ஹியர்” என்பார். அந்தக் கப்பல் இந்த இடத்திலிருந்துதான் புறப்பட்டது என்று அர்த்தம். பாதிரியார் இதைச் சொல்லவில்லை. இது பாய் சேர்த்தது. கைடு வேலை பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். எங்கோ தூரத்தில் நடந்ததைச் சொன்னால் கேட்கிறவர்கள் கேமராவைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். கைடுக்கு விரல் நீட்டிக் காட்ட ஏதாவது கண்ணெதிரே வேண்டும். அவர் விரல் நீட்டியதும் எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் கடல் பக்கம் திரும்பும். நான் வண்டியில் சாய்ந்துகொண்டு, “கப்பல் டிக்கெட்டு நீதான் கிழிச்சியா பாய்?” என்று கத்துவேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. பாய் முகம் மாறாமல், “மை டிரைவர் சேஸ் இட் இஸ் ட்ரூ” என்று சொல்லிவிடுவார்.

அந்தக் கதையைக் கேட்டவர்களில் ஹில்டா அம்மா என்று ஒருவர். ஜெர்மனியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். வேடந்தாங்கல் பறவைகளைப் பார்க்கக் குளிர்காலத்தில் வருவார், எங்கள் வண்டியைத்தான் கூப்பிடுவார். ஒரு வருஷம் வந்தபோது போனில் ஒரு படத்தைக் காட்டினார். அவருடைய வகுப்பறைச் சுவர். பிள்ளைகள் வரைந்த பெரிய ஓவியம். பாய்மரக் கப்பல், அலை, கடற்கரைக் கோயில், கோயிலைவிடப் பெரியதாக ஒரு இஞ்சி. கரையில் வெள்ளைத் தாடியோடு ஒருவர் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஒவ்வொரு வருஷமும் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்கிறாராம்.

“நான்தான் மச்சான் இது” என்றார் பாய்.

“தாடி கரீட்டா வந்துகீது. தொப்பையத்தான் காணோம்.”

“பசங்களுக்கு என் தொப்ப தெரியாது. கத மட்டும்தான் தெரியும்.”

அந்தப் படத்தைத் தன் போனில் வாங்கி வைத்துக்கொண்டார். மாமல்லபுரத்தில் அதைப் பார்க்காத மனுஷன் கிடையாது. மீன் வாங்கப் போனால் மீன்காரம்மாவுக்கும் காட்டுவார்.

அதற்கப்புறம் ஒரு நாள், பிரான்ஸிலிருந்து வந்த ஒரு கூட்டத்துக்கு பாய் கதை சொல்லி, விரலை நீட்டி, எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். கேரளாக்காரர், குடும்பத்தோடு வந்திருந்தார். இஞ்சி வியாபாரம் செய்தவராம்.

“சேட்டா, இஞ்சி எங்கட நாட்டு சாதனமல்லே? மலையில வெளயும். இந்த மணல்ல என்ன வெளயும்? சவுக்கு வெளயும்” என்றார். “குருமிளகு போன கப்பல்லதான் இஞ்சியும் போச்சு. அது எங்கட சைடு கடல்.”

“உங்க ஊர்லயும் இஞ்சின்னுதான சொல்றீங்க?” என்று பாய் கேட்டார்.

“அதே. இஞ்சிதான்.”

“அப்ப பேரு நம்ம ரெண்டு பேருதும்” என்று சிரித்துச் சமாளித்தார் பாய். பெரியவரும் சிரித்தார். போகும்போது கை கொடுத்துவிட்டுப் போனார். சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் அன்று பிரெஞ்சுக் கூட்டத்தைச் செங்கல்பட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் பாய் வாயைத் திறக்கவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் நான்தான் சீண்டினேன். “இன்னா பாய், கப்பல் கவுந்துடுச்சா?” அவர் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

“அந்தாளு சொன்னது பெருசு இல்ல மச்சான். எனக்கே தெரியும். காலைல கோயில் வாசல்ல நின்னுகினு, எந்த ராசா எப்பக் கட்னான்னு நானே சொல்றேன். அப்பால டீக்கடைக்கு இட்டுகினு வந்து, அதுக்கும் எத்தினியோ நூறு வருசம் முந்திப் போன கப்பல அந்தக் கோயில் பக்கத்துலேந்து வுடறேன். காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ரெண்டும் இதே வாயி. ஒருத்தனும் கேக்கல. நானும் என்னக் கேட்டுக்கல.”

ஷாகிராவை விட்டு போனில் தேடச் சொன்னார். அணுபுரத்தில் சரித்திரம் படிக்கிற ரிட்டயர்டு சார் ஒருவரிடம் போய்க் கேட்டார். எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். பேர் நம் பக்கத்துப் பேர் என்பது பெரும்பாலும் சரி. இஞ்சி போனது மேற்குக் கரையிலிருந்து இருக்கலாம். இந்தக் கரையிலிருந்து போனது என்று சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை.

அடுத்த நாளிலிருந்து கதையை மாற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இஞ்சியை உள்ளங்கையில் வைப்பார், பேர் கேட்பார், எல்லாம் பழையபடிதான். முடிவில் மட்டும், கப்பல் இங்கிருந்து போகவில்லை, இந்தியாவின் அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு துறைமுகம், சரியாகத் தெரியாது என்பார். விரலை நீட்ட ஒன்றும் இல்லாமல் கை மடியிலேயே கிடக்கும். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு டாய்லெட் எந்தப் பக்கம் என்று விசாரிப்பார்கள். கொஞ்ச நாளில் கதை சொல்வதையே விட்டுவிட்டார். இஞ்சித் துண்டு கேட்காததால் தங்கராசு, “இன்னா பாய், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று கேட்டான்.

நான் சும்மா இருக்கவில்லை. “சொல்லிட்டுப் போ பாய். எவன் கேஸ் போடப் போறான்? கப்பலு செத்துப்போயி எத்தினி காலம் ஆவுது” என்று தினமும் வம்புக்கு இழுத்தேன்.

“பெரியவங்க மறந்துடுவாங்க மச்சான். ஊருக்குப் போனா என் மூஞ்சியே மறந்துடும். பசங்க மறக்காது. அதுங்க பெருசாயி அதுங்க பசங்களுக்கு சொல்லும். போன பேர திரும்ப இட்டாற முடியுமா? நான் வுட்ட பொய்யும் அப்டித்தான் போய்கினே கீது. செவுத்துல ஒட்டி வச்சிகீறாங்க.”

ஹில்டா அம்மா வரும்போது உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். போனில் எழுதி அனுப்பேன் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. “அந்தம்மா பாவம், பசங்க முன்னாடி அவங்கதான் நின்னு மாத்திச் சொல்லணும். மூஞ்சப் பாத்துதான் சொல்லணும், ஒரு டீ வாங்கிக் குடுத்து” என்றார். அந்தக் குளிர்காலத்தில் அந்த அம்மா வரவில்லை. முழங்காலில் ஆபரேஷன் என்று செய்தி வந்தது. பாய் அடுத்த குளிர்காலத்துக்குக் காத்திருந்தார். அதற்குள் அவருடைய சிறுநீரகம் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

செங்கல்பட்டில் டயாலிசிஸ் முடித்துத் திரும்பும்போது மிகவும் களைத்துப் போயிருப்பார். முன்சீட்டை முழுக்கச் சாய்த்துப் படுத்துக்கொண்டு வருவார். ஏரிக்கரை வரும்போது ஒரு நாள் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

“நான் இல்லன்னா நீ சொல்லு மச்சான்.”

“யாருக்கு?”

“ஹில்டா அம்மாவுக்கு. கப்பல் இங்கேந்து போவலன்னு.”

“எனக்கு டீ, காபி, டென் மினிட்ஸ் மேடம். அவ்ளோதான் பாய் இங்கிலீஷு.”

“அது கூட சேத்து இதயும் கத்துக்க.”

“நீயே சொல்லு. தை மாசம் வந்துடும் அந்தம்மா.”

பாய் தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வழக்கமாக என்னை ஒரு வார்த்தை ஏசாமல் ஒரு பேச்சை முடிக்க மாட்டார். அன்று ஏசாமல் முடித்தார். நான் ரேடியோவைப் போட்டுவிட்டேன். போடாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இன்னும் ஏதாவது சொல்ல வாய் எடுத்தாரா என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அவர் போன பிறகு ஷாகிராதான் எனக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தாள். த ஷிப் டிட் நாட் லீவ் ஃப்ரம் ஹியர். இட் லெஃப்ட் ஃப்ரம் த அதர் கோஸ்ட். கப்பல் இங்கிருந்து போகவில்லை, அந்தப் பக்கத்துக் கரையிலிருந்து போனது என்று அர்த்தம். ஸ்கூல் வேனை ஓட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தேன். பின்னால் இருக்கிற பிள்ளைகள் என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். இறங்கும்போது பை அங்கிள் என்பதற்குப் பதிலாக, த ஷிப் டிட் நாட் லீவ் அங்கிள் என்று கத்திக்கொண்டு ஓடின அந்த வாலுகள். பாய் இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்.

தை பிறந்து ஹில்டா அம்மா வந்தார். கையில் தடி. கழுத்தில் எப்போதும்போல் தூரத்துப் பறவைகளைப் பார்க்கிற கண்ணாடி. வண்டியின் முன்சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “வேர் இஸ் காசிம்?” என்று கேட்டார். இதற்கான இங்கிலீஷை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் வானத்தைக் காட்டினேன். அவர் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நான் அவரைத் தங்கராசு கடைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தேன். பாய் சொன்னபடி ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

இவ்வளவு காலம் கூட இருந்தவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது என்ன என்று கேட்டால், எனக்குச் சொந்தமில்லாத பாஷையில் இரண்டு வாக்கியம். அவர் பேசிய பாஷைகள், அவர் சேர்த்துவைத்த பேர்கள், பாதிரியாரிடம் கேட்டது, எதுவும் என் தலையில் தங்கவில்லை. அந்த இரண்டு வாக்கியம் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அவருக்காக இன்னொருவரிடம் அதைச் சேர்க்க வேண்டிய வேலை என்னிடம் இருக்கிறது.

அன்றே சேர்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஹில்டா அம்மா டீயைப் பாதி குடித்திருந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, “மேடம், ஜிஞ்சர் ஸ்டோரி” என்று ஆரம்பித்தேன். ஜிஞ்சர் என்றதுமே அவர் கண்கள் கலங்கிவிட்டன.

“யெஸ், யெஸ். காசிம்ஸ் ஸ்டோரி” என்றார். என் கையின் மேல் கை வைத்தார். “திஸ் இயர் ஆல்ஸோ ஐ டெல் த சில்ட்ரன். ஃபார் ஹிம்.”

“நோ மேடம். த ஷிப் டிட் நாட்…”

அவர் அழுதுவிடுவார்போல் இருந்தது. நான் பேசுவதை நிறுத்தச் சொல்லுகிற மாதிரி கையை உயர்த்தினார். கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, தடியை ஊன்றி எழுந்தார். தங்கராசு அடுப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். நானும் எழுந்தேன். வாக்கியத்தின் மிச்சம் வாயில்தான் இருந்தது.

“அதர் கோஸ்ட், மேடம்” என்றேன்.

அவர் அதற்குள் மணலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல், பாய் விரல் நீட்டிக் காட்டிய இடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.